சதர்லாந்துப் பிரபுக்களின் குடிவழி: பட்டமும் நிலமும் பற்றிய ஒரு நோக்கு

ஸ்கொத்லாந்துப் பெருநிலத்தின் வடகோடியை அண்டிக் கிடக்கும் ஒரு மாவட்டம் 'தென்னிலம்' எனப் பொருள்படும் பெயரைத் தாங்கி நிற்பது முதற் பார்வையில் விந்தையாகத் தோன்றும். சதர்லாந்து என்னும் அப்பெயரைச் சூட்டியோர் ஒர்க்னித் தீவுகளிலும் கெயித்னெஸ் பகுதியிலும் ஆதிக்கம் செலுத்திய நோர்வே வழிவந்த கடலோடிகள். அவர்கள் நின்ற இடத்திலிருந்து நோக்கின் அது தெற்கே கிடந்த நிலம். அந்நிலத்தின் பெயரையே தமது பட்டமாகக் கொண்ட பிரபுக் குடி ஒன்று பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடக்கம் அங்கு நிலைபெற்று வந்துள்ளது.

பிரபுக்களின் வமிசாவளிகள் வரலாற்று மாணவருக்குப் பெரும்பாலும் சலிப்பூட்டுவன. இன்னாருக்கு இன்னார் மகன், இன்னார் இன்னாரை மணந்தார் என நீளும் பட்டியல்களில் பொதுமக்களுக்கு இடமில்லை. சதர்லாந்து ஏர்ள்களின் வழிமுறையை அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது. டியூக், மார்க்குவிஸ் ஆகியோருக்கு அடுத்த படியிலுள்ள பிரபுவே ஏர்ள் எனப்படுவார். சதர்லாந்தில் இப்பட்டம் 1514, 1766, 1963 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஆண்மக்களை விடுத்துப் பெண் ஒருத்தியிடம் சென்றது. மூவருக்கும் எலிசபெத் என்பதே பெயர். 'இம்முன்னோரின் வாரிசு யார்?' என்ற வினாவுக்கு நாட்டின் அதியுயர் மன்றம் 1771இல் விடை கூறிற்று. ஆனால் அதே நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மக்களுக்கும் வாரிசுரிமை உண்டா என்ற வினாவுக்குச் சட்டம் விடை கூறுவதற்கு மேலும் 115 ஆண்டுகள் சென்றன. இடைப்பட்ட காலத்தில் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் பல வெறுமையாயின.

இக்குடியின் முதல்வராகக் கருதப்படும் பிரெஸ்கின் பன்னிரண்டாம் நூற்றாண்டில், முதலாம் டேவிட் மன்னன் காலத்தில், மொரே மாநிலத்து டபஸ் என்னுமிடத்தில் நிலம் பெற்றவர். அவர் பிளெமிஷ் இனத்தவர் எனப் பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. ஆகவே மலைநாட்டுக் குலத் தலைமைகளுள் ஒன்றாகப் பின்னாளில் மதிக்கப்பட்ட இக்குடி தொடக்கத்தில் அரசனது பட்டயத்தோடு வெளியிலிருந்து வந்து குடியேறிய ஒன்றேயாகும். பிரெஸ்கினின் வழித்தோன்றலான ஹியூ சதர்லாந்து நிலங்களைப் பெற்றார். அவரது மகன் வில்லியம் 1230களில் முதலாவது ஏர்ள் ஆனார். அவர்களது உறவினரான கில்பேட் கெயித்னெஸ் ஆயராயிருந்து டோர்னொக் பேராலயத்தைக் கட்டுவித்தார். வாளும் பட்டயமும் திருச்சபையும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தன எனலாம்.

பதினான்காம் நூற்றாண்டில் இக்குடி அரியணைக்கு மிக அண்மையிற் சென்றது. 1345இல் ஏர்ள் வில்லியம், ரொபேட் புரூஸ் மன்னனின் மகள் மார்கரட்டை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த ஜோன், மன்னன் இரண்டாம் டேவிட்டின் விடுதலைக்கு ஈடாகப் பிணைக் கைதியாக இங்கிலாந்து சென்று, 1361இல் லிங்கன் நகரிற் கொள்ளைநோயால் மாண்டான். மன்னனுக்கு மக்கட்பேறு இல்லாதிருந்தமையால், அச்சிறுவன் உயிரோடிருந்திருப்பின் ஸ்கொத்லாந்து முடியின் வரலாறே வேறாகியிருக்கக் கூடும்.

முதற் பெரும் திருப்பம் 1514இல் நிகழ்ந்தது. அதற்கு முந்திய இருபது ஆண்டுகளில் தந்தையும் மகனுமாகிய இரு ஏர்ள்கள் தம் காரியங்களைத் தாமே நடத்தும் ஆற்றல் அற்றவர்கள் எனச் சட்டப்படி அறிவிக்கப்பட்டிருந்தனர். இவ்வறிவிப்புகளால் யார் பயனடைந்தனர் என நோக்கின், உண்மையில் அவர்களது மதிநிலை எத்தகையதாயிருந்தது என்ற ஐயம் எழாமற் போகாது. மகன் பிள்ளையின்றி இறக்க, அவரது சகோதரி எலிசபெத் வாரிசாக ஏற்கப்பட்டார். எலிசபெத்தின் கணவர் ஆடம் கோர்டன், வடபுலத்தில் மிகுந்த செல்வாக்குப் பெற்றிருந்த ஹன்ட்லி ஏர்ளின் இளைய மகன். இறந்தவரின் மாற்றாந்தாய் வயிற்று உடன்பிறப்பான அலெக்சாண்டர், சட்டபூர்வமற்ற பிறப்பினன் என ஒதுக்கப்பட்டமையால் வெகுண்டெழுந்து டன்றொபின் கோட்டையைக் கைப்பற்றினான். சில ஆண்டுகளுள் அவன் போரிற் கொல்லப்பட்டான். அவனுடைய தலை ஈட்டியிற் குத்தி எடுத்துச் செல்லப்பட்டு அதே கோட்டையில் மக்கள் காண வைக்கப்பட்டது. பட்டம் இவ்வாறு கோர்டன் குடும்பத்திடம் சென்றது.

கோர்டன் ஏர்ள்களின் காலத்திலும் வாரிசுரிமை குருதி தோய்ந்ததாகவே இருந்தது. 1567இல் ஏர்ள் ஜோனும் அவரது மனைவியும் ஹெல்ம்ஸ்டேல் கோட்டையில் விருந்தொன்றின்போது நஞ்சூட்டப்பட்டு மாண்டனர். நஞ்சிட்டவளாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இசொபெல் சின்கிளேயர் அவர்களுக்கு நெருங்கிய உறவினள். தன் மகனுக்குப் பட்டம் கிடைக்கவேண்டும் என்பதற்காக அவள் கலந்த நஞ்சை அம்மகனே அறியாது பருகி இறந்தான் எனவும், ஏர்ளின் மகன் அலெக்சாண்டர் தற்செயலாகவே தப்பினான் எனவும் கூறப்படுகின்றது. தப்பிய அலெக்சாண்டர் பின்னர் மணந்த ஜீன் கோர்டன், மேரி அரசியை மணப்பதற்காகப் பொத்வெல் பிரபுவால் மணவிலக்குச் செய்யப்பட்டவர். ஸ்கொத்லாந்தின் பெருவரலாறு இச்சிறு குடியின் வரலாற்றினூடே அடிக்கடி தலைகாட்டிச் செல்வதற்கு இது ஓர் உதாரணம்.

ஜீனின் மகனான சேர் ரொபேட் கோர்டன் (1580-1656) இங்கு விசேடமாகக் கவனிக்கத்தக்கவர். சிறுவயதிற் பட்டமேற்ற தம் மருகருக்குப் பாதுகாவலராயிருந்து தோட்டத்தை நிருவகித்த அவர், சதர்லாந்து ஏர்ள்களின் வமிச வரலாற்றை 1630 வரை விரிவாக எழுதினார். நஞ்சூட்டற் கதை உட்படப் பழைய நிகழ்ச்சிகள் பல அவர் வாயிலாகவே பின்னோர்க்குக் கிடைத்தன. தம் குடும்பத்தின் எதிரிகளைப் பற்றி அவர் கூறுவனவற்றை எச்சரிக்கையோடு ஏற்பதே பொருத்தமாகும். மருகருக்கு அவர் எழுதிய அறிவுரையில், குடிகளிடையே நிலவிய கேலிக் மொழியையும் பழக்கவழக்கங்களையும் காட்டுமிராண்டித்தனத்தின் எச்சங்களாகக் கருதி அகற்றிவிடுமாறு கூறினார். குடிகள் ஏர்ளைத் தம் குலத் தலைவராகக் கருதி வந்த காலத்திலேயே, ஏர்ளின் மாளிகை குடிகளை எவ்வாறு நோக்கிற்று என்பதை இதனால் அறியலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏர்ள் ஒருவர் கோர்டன் என்ற குடிப்பெயரை விடுத்துச் சதர்லாந்து என்ற பழம்பெயரை மீண்டும் சூடினார். அவரது வழியில் வந்த வில்லியம் 1766 ஜூனில் தம் மனைவியுடன் பாத் நகரிற் காய்ச்சலால் இறந்தார். இருவரின் மரணத்திற்குமிடையே சில நாள்களே சென்றன. எஞ்சியது ஒரு வயது நிரம்பிய எலிசபெத் என்னும் பெண் குழந்தை. அக்குழந்தையைத் தாய்வழிப் பாட்டி வளர்த்து வர, பட்டத்திற்கு இரு ஆண்கள் உரிமை கோரினர். ஒருவர் கோர்டன்ஸ்டன் வாழ் சேர் ரொபேட் கோர்டன். வமிச வரலாறெழுதிய சேர் ரொபேட்டின் வழித்தோன்றல். மற்றவர் போர்ஸ் என்னுமிடத்து ஜோர்ஜ் சதர்லாந்து. 1514க்கு முற்பட்ட பழைய ஆண்வழியின் பிரதிநிதி.

வழக்கின் நுட்பம் சுவையானது. கோர்டன், பட்டம் ஆடம் கோர்டனின் ஆண்வழியினருக்கே உரியதென்றார். போர்ஸ் வாரிசோ, 1514இலேயே பட்டம் பெண்ணிடம் சென்றிருக்கக் கூடாது என்றும் அன்று முதல் நடந்தவை யாவும் தவறு என்றும் வாதிட்டார். குழந்தையின் தரப்பினர் அதே 1514ஐத் தமக்குச் சான்றாகக் கொண்டனர். அன்று எலிசபெத் என்னும் பெண் வாரிசாக ஏற்கப்பட்டமை, இப்பட்டம் பெண்ணுக்கும் செல்லத்தக்கது என்பதைக் காட்டுகின்றது என்பது அவர்களது வாதம். புகழ்பெற்ற நீதியரசரும் வரலாற்றாசிரியருமான ஹெயில்ஸ் பிரபு குழந்தைக்காகத் தயாரித்த விண்ணப்பம் பழைய பட்டயங்களை ஆதாரங்களாக நிரைப்படுத்தியது. ஸ்கொத்லாந்துப் பிரபுப் பட்டங்கள் பற்றிய ஆய்வுக்கு அது இன்றும் பயன்படுவது. 1771 மார்ச்சில் பிரபுக்கள் சபை, 1275இல் ஏர்ளாயிருந்த வில்லியத்தின் குருதிவழி வாரிசு எலிசபெத்தே எனத் தீர்ப்பளித்தது. அப்போது அக்குழந்தைக்கு ஆறு வயதும் நிரம்பவில்லை. ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரோடு ஒரு சிறுமியை இணைத்த அத்தீர்ப்பு, பழைய ஏடுகளில் நிரூபிக்கக்கூடிய பிறப்புரிமையை எத்துணைக் காலமும் அழிக்காது என்ற கொள்கையை வலியுறுத்திற்று.

இனிக் குடிகளின் உரிமை பற்றி நோக்கலாம். மலைநாட்டுக் கேலிக் மக்களிடையே 'தூக்கஸ்' என ஒலிக்கும் ஒரு சொல் வழங்கிற்று. முன்னோர் காலம் தொட்டுக் குடியிருந்து உழைத்த நிலத்தில் தொடர்ந்திருக்கும் உரிமை என்பது அதன் கருத்து. முதுசம் என்ற சொல்லின் பொருளை ஓரளவுக்கு இதற்கு ஒப்பிடலாம். ஆயின் இம்முதுசத்திற்கு உறுதி எழுதப்படவில்லை. தலைவன் அழைக்கும்போது போருக்குச் செல்வதே அதற்குரிய விலையாகக் கருதப்பட்டது. 1779இலும் 1793இலும் சதர்லாந்தின் பெயரால் படைப்பிரிவுகள் திரட்டப்பட்டன. 1799-1800இல் எலிசபெத்தின் உறவினரான ஜெனரல் வெமிஸ் 93ஆம் படைப்பிரிவைத் திரட்டினார். ஊர் ஊராக இளைஞரை நிறுத்தி வேண்டியவரைத் தெரிந்தெடுத்தார் என்பர். மகனைக் கொடுத்த குடும்பம் தன் நிலத்தில் தொடர்ந்திருக்கலாம் என்ற நம்பிக்கை அக்காலத்தில் ஊட்டப்பட்டது. அப்படைப்பிரிவு 1806இல் நன்னம்பிக்கை முனையிலும், 1815 ஜனவரியில் நியூ ஓர்லீன்சிலும் போரிட்டது; பின்னைய போரில் அதன் இழப்பு மிகப் பெரிது.

எலிசபெத் 1785இல் மணந்தவர் ஜோர்ஜ் கிரன்வில் லூசன்-கோர். (இக்குடிப்பெயரை ஆங்கிலேயர் எழுதுவது ஒருவகை, ஒலிப்பது வேறொருவகை.) பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அவர் பரிஸில் பிரித்தானியத் தூதுவராயிருந்தார், சிறைப்பட்ட மரி அந்துவனெத் அரசிக்கு எலிசபெத் உடைகள் அனுப்பியதாகக் கூறுவர். 1803இல் கணவர் தம் தாய்மாமனான பிரிட்ஜ்வோட்டர் டியூக்கின் கால்வாய் வருமானத்தையும், தந்தைக்குப் பின் ஸ்டாபோர்ட் மார்க்குவிஸ் பட்டத்தையும் பெற்றார். இங்கிலாந்தின் நிலக்கரியும் சரக்குப் படகுகளும் ஈட்டிய பெருநிதி வடக்கே தரிசு மலைகளைச் சீர்திருத்துவதற்குத் திரும்பியது. நிலம் மனைவியுடையது, பணம் கணவருடையது, திட்டம் ஜேம்ஸ் லொக், வில்லியம் யங், பற்றிக் செல்லர் போன்ற காரியஸ்தர்களுடையது. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளை ஆட்டுப் பண்ணைகளாக்கிப் பெருங் குத்தகைக்காரருக்கு விடுவதும், அங்கு வாழ்ந்தோரைக் கடற்கரையில் சிறு துண்டு நிலங்களிற் குடியேற்றி மீன்பிடியிலும் கைத்தொழிலிலும் ஈடுபடுத்துவதும் அத்திட்டத்தின் சாரம்.

1813இல் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. எடின்பரோவில் சேர் ரொபேட் கோர்டனின் வமிச வரலாறு மூலக் கையெழுத்துப் பிரதியிலிருந்து முதன்முறையாக அச்சேறியது. அதே ஆண்டில் கில்டோனன் பள்ளத்தாக்கு மக்களுக்கு வெளியேறுமாறு அறிவித்தல் விடுக்கப்பட்டது. அவர்கள் எதிர்த்தெழுந்தனர், படையினர் வரவழைக்கப்பட்டனர். பலர் கனடாவுக்குச் செல்ல விண்ணப்பித்தனர்; அவ்வாண்டு சுமார் நூறு பேர் செல்கேர்க் பிரபுவின் செந்நதிக் குடியேற்றத்தை நோக்கிக் கப்பலேறினர். வினிபெக் நகரில் கில்டோனன் என்ற ஊர்ப்பெயர் வழங்குவது இதனாலேயாகும்.

1814இல் ஸ்ட்ரத்நேவர் பள்ளத்தாக்கில் வெளியேற்றத்தை நடத்திய பற்றிக் செல்லர் அங்கு ஆட்டுப் பண்ணையொன்றைத் தாமே குத்தகைக்கு எடுத்திருந்தார். வெளியேற்றுவோனும் அதனால் இலாபமடைவோனும் ஒருவனே என்பது கவனிக்கத்தக்கது. மீண்டும் குடிபுகாதிருக்கக் கூரை மரங்கள் கொளுத்தப்பட்டன. நோயுற்றுக் கிடந்த மார்கரட் மக்கே என்ற மூதாட்டி தீயிடப்பட்ட வீட்டிலிருந்து வெளியே எடுக்கப்பட்டுச் சில நாள்களில் இறந்தார். 1816 ஏப்ரலில் இன்வர்னெஸ் நீதிமன்றத்தில் செல்லர்மீது வழக்கு நடைபெற்றது. நிலவுடைமையாளரைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தனர். 1819இல் இன்னும் பெரிய அளவில் வெளியேற்றம் நிகழ்ந்தது. அப்பள்ளத்தாக்கிற் பிறந்த கற்கொத்தர் டொனால்ட் மக்லவுட் 250 வீடுகள் எரிவதைக் கண்டதாகப் பின்னாளில் எழுதினார்.

இந்நிகழ்ச்சிகள் பற்றிய மதிப்பீடுகள் பெரிதும் மாறுபடுகின்றன. லொக் 1820இல் வெளியிட்ட நூலில் வீதிகள், பாலங்கள், துறைமுகங்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டுத் தம் எசமானரின் தாராளத்தை நிறுவ முனைந்தார். தோட்டத்திலிருந்து பெற்றதிலும் மேலாக அதிற் செலவிடப்பட்டது என்பதும் பொய்யன்று. மறுபுறம் கார்ல் மார்க்ஸ், 'மூலதனம்' நூலில், 1814க்கும் 1820க்குமிடையே 15,000 மக்கள், அதாவது சுமார் 3,000 குடும்பங்கள், துரத்தப்பட்டனர் என்றும் 794,000 ஏக்கர் சீமாட்டியின் கைக்கு வந்தது என்றும் எழுதினார். வெளியேற்றப்பட்டோருக்குக் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் வீதம் கடற்கரையில் 6,000 ஏக்கரே ஒதுக்கப்பட்டது என்பது அவரது கணக்கு. அவருக்குப் பின் வந்த ஆய்வாளர் இத்தொகையைக் குறைத்தே மதிப்பிடுகின்றனர். மாவட்டத்தின் குடிசனத் தொகை 1811இல் 23,629 ஆகவும் 1831இல் 25,518 ஆகவும் இருந்தது. ஆகவே மக்கள் மாவட்டத்திலிருந்து முற்றாக அகற்றப்பட்டனர் என்பது பொருந்தாது. பெரும்பாலோர் உள்நாட்டிலிருந்து கரைக்குத் தள்ளப்பட்டனர் என்பதே சரி. இதனாற் குற்றம் குறைந்துவிடுகிறது எனக் கொள்வதற்கில்லை. தலைமுறை தலைமுறையாகக் கால்நடை வளர்த்தோரைப் பழக்கமற்ற கடலின் முன் கொண்டு நிறுத்தி, அதனைச் சீர்திருத்தம் என்று அழைத்தனர். 1771இல் பழைய பட்டயங்களால் தம் பிறப்புரிமையை நிலைநாட்டிக்கொண்ட ஒருவரின் பெயராலேயே, பட்டயமற்றோரின் பிறப்புரிமை இவ்வாறு புறக்கணிக்கப்பட்டது. எலிசபெத் கொடியவராயிருந்தார் என்பதற்குச் சான்றில்லை. தம் குடிகளின் நன்மைக்கே யாவும் செய்யப்படுகின்றன என அவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம். ஆயின் அந்நன்மை வேண்டுமா என அவர்களிடம் கேட்பதற்குச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

1833 ஜனவரியில் கணவர் சதர்லாந்து டியூக் ஆக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூலையிலேயே டன்றொபினில் இறந்தார். கோல்ஸ்பிக்கு மேலுள்ள பென் பிராகி மலையுச்சியில் நிறுவப்பட்ட அவரது பேருருவச் சிலையை இடித்துவிட வேண்டுமென 1990களில் கோரிக்கை எழுந்தது. எனினும் அது இடிக்கப்படவில்லை. எலிசபெத் 1839இல் இறக்க, டியூக் பட்டமும் ஏர்ள் பட்டமும் அவரது மூத்த மகனிடம் ஒன்றாயின. இரண்டாம் டியூக்கின் மனைவி ஹாரியட், அமெரிக்க அடிமை முறைக்கு எதிராக இங்கிலாந்துப் பெண்களை 1852இல் திரட்டியவர். மறு ஆண்டில் மார்க்ஸ் நியூயோர்க் பத்திரிகையொன்றில், சதர்லாந்துக் குடிகளை மறந்துவிட்டு அடிமைகளுக்காக இரங்கும் இச்சீமாட்டியைக் கடுமையாகச் சாடினார். அவரது விருந்தினராயிருந்த ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் அக்குடும்பத்திற்குச் சார்பாக எழுத, கனடாவிற் குடியேறியிருந்த மக்லவுட் 1857இல் அதற்கு மறுப்புரை வெளியிட்டார்.

மூன்றாம் டியூக் புகைவண்டிப் பாதைகள் அமைப்பதிலும் நீராவிக் கலப்பைகளாற் சதுப்பு நிலங்களை உழுவிப்பதிலும் பெரும் பணத்தைச் செலவிட்டார். 1883இல் வெளியான நிலவுடைமைக் கணக்கின்படி அவருக்கு 1,358,545 ஏக்கர் சொந்தம். பிரித்தானியாவில் அந்நாளில் அவ்வளவு நிலம் வேறெந்தத் தனியாளிடமும் இருக்கவில்லை. தற்செயலாக அதே ஆண்டில் நேப்பியர் பிரபுவின் விசாரணைக் குழு மலைநாடெங்கும் சென்று சிறு குடியானவரின் முறைப்பாடுகளைக் கேட்டறிந்தது. அதன் விளைவாக 1886இல் நிறைவேறிய சட்டம், வாடகை செலுத்தி வரும் குடியானவரை வெளியேற்ற முடியாது என்றும், அவர் தம் நிலத்தைக் குடும்பத்தவர் ஒருவருக்கு விட்டுச் செல்லலாம் என்றும் விதித்தது. 'தூக்கஸ்' என்ற எழுதா முதுசம் இவ்வாறு எழுத்துருப் பெற்றது. இழந்த பள்ளத்தாக்குகள் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

ஐந்தாம் டியூக் 1963 பெப்ரவரியில் மகவின்றி இறந்தபோது, 124 ஆண்டுகள் இணைந்திருந்த இரு பட்டங்களும் பிரிந்தன. 1833இன் டியூக் பட்டயம் ஆண்வழிக்கு மட்டுமே இடமளித்தது. ஆகவே அப்பட்டம் முதலாம் டியூக்கின் இளைய மகன் வழிவந்த எல்ஸ்மியர் ஏர்ளான ஜோன் எகேட்டனிடம் சென்றது. பழைய ஏர்ள் பட்டமோ, 1771இன் தீர்ப்புக்கேற்ப, இறந்தவரின் தம்பி மகளான எலிசபெத்தை அடைந்தது. டன்றொபின் கோட்டையும் தோட்டமும் அவர் வசமாயின. டியூக்கிடம் எஞ்சியவற்றுள் பெறுமதி மிக்கவை மூதாதையர் வாங்கிய ஓவியங்கள். அவற்றுள் டிஷியனின் இரண்டு 2009, 2012 ஆகிய ஆண்டுகளிற் பொதுக் காட்சியகங்களுக்கு விற்கப்பட்டன. இரு கிளையினரும் 1771இன் அச்சிறுமியின் வழித்தோன்றல்களே.

புதிய சீமாட்டி எலிசபெத் போர்க்காலத்தில் பெண்கள் விவசாயப் படையிலும், பின்னர் மருத்துவமனை ஆய்வுகூடத்திலும் பணிபுரிந்தவர். அவர் பட்டமேற்று ஏறத்தாழ ஆறு மாதங்களின் பின் நிறைவேறிய சட்டம், பரம்பரைப் பட்டம் வகிக்கும் பெண்களும் பிரபுக்கள் சபையில் அமர வழி செய்தது. 1771இல் அச்சபையால் ஏர்ள் என ஏற்கப்பட்ட எலிசபெத்துக்கு அங்கு ஆசனம் இருக்கவில்லை. பேணுதற்குச் செலவு மிக்க கோட்டை 1965 முதல் 1972 வரை ஆண்கள் விடுதிப் பாடசாலையாக விளங்கிப் பின்னர் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

2016இல் ஹெல்ம்ஸ்டேலை அடுத்த கடற்கரைச் சிற்றூர்களின் குடியானவர்கள் தமக்கென அமைத்த சமூக நிறுவனத்தின் வாயிலாக, தாம் பயிரிட்டு வந்த சுமார் 3,000 ஏக்கர் நிலத்தைச் சதர்லாந்துத் தோட்டத்திடமிருந்து விலைக்கு வாங்கினர். கில்டோனனிலிருந்து வெளியேற்றப்பட்டோர் குடியேற்றப்பட்ட ஊர்கள் அவை. மூன்றாண்டுகளின் பின், 2019 டிசெம்பரில், சீமாட்டி எலிசபெத் காலமானார். ஏர்ள் பட்டம் அவரது மூத்த மகன் அலிஸ்டெயரைச் சேர்ந்தது. 1839இற் போலவே இம்முறையும் அது தாயிடமிருந்து மகனுக்குச் சென்றது.